குமரிக் கரையில் அளந்ததை டெல்லிவரை கொண்டுபோவது எப்படி? அறிவியல் கொள்கைப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு

சித்திரை வெயிலில் காற்று அசையாமல் கிடக்கும், கடலும் குளம்போல இருக்கும். திடீரென்று ஒரு மதியம் அலை ஏறி வந்து, கரையில் கிடந்த வள்ளத்தை இழுத்துக்கொண்டு போகும். வீட்டு முற்றத்தில் உப்புத் தண்ணீர் நிற்கும். மழையும் இல்லை, புயலும் இல்லை. நம் மேற்குக் கரைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். சிறுவயதில் ஒரு பெரியவரிடம் இதற்குக் காரணம் கேட்டேன். "மக்கா, இது நம்ம காத்து கிளப்புன அலை இல்ல. தூரத்துல எங்கயோ கிளம்பி வந்தது" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, சில நாள் கழித்து நம் கரையில் ஏறுகின்றன. 2012-ல் யுனெஸ்கோ கள்ளக்கடல் என்ற சொல்லையே அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், இப்போது இந்த அலையை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை விடுகிறது. பல நாடுகளின் செயற்கைக்கோள்களும் மிதவைகளும் தரும் தரவு இல்லாமல் அந்தக் கணிப்பு இல்லை. ஆனாலும் 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. தென்கடலிலிருந்து ஹைதராபாத்வரை வந்த செய்தி, கடைசி அரைக் கிலோமீட்டரைத் தாண்டிக் காலை நனைக்க இறங்கியவரிடம் போய்ச் சேரவில்லை.

அறிவியல் கொள்கை என்று நான் சொல்வது இதைத்தான். எந்த ஆராய்ச்சிக்கு யார் பணம் தருவது, கிடைத்த தரவு யார் கைக்குப் போவது, அதை வைத்து எந்த விதி மாறுவது, அந்த விதி கடைசி வீடுவரை எப்படி வந்து சேருவது. நாகர்கோவிலில் கல்லூரி முடித்தவர், ஊராட்சி உறுப்பினர், தேவாலயப் பங்குப்பேரவையில் இருப்பவர், மீனவர் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவர் என யார் வேண்டுமானாலும் இதில் இறங்கலாம். எப்படி இறங்குவது என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் வேலை: கேள்வியைச் சுருக்குங்கள்

"காலநிலை மாற்றம் குமரி மாவட்டத்தை எப்படிப் பாதிக்கும்?" என்று தொடங்கினால் மூன்று மாதத்தில் சோர்ந்துபோவீர்கள். எந்த அலுவலகமும் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளாது. மாறாக, எங்கள் ஊரில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடும் கல்சுவர்) போட்ட பிறகு அடுத்த ஊர்க் கரையில் மணல் எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். பழையாற்றில் எந்த இடத்தில் சாக்கடை கலக்கிறது, எந்த மாதம் அதிகம் என்று கேளுங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் எங்கள் ஊரில் எத்தனை மணிக்கு யார் மூலம் தெரிந்தது என்பதும் நல்ல கேள்விதான். கேள்விக்குள் ஓர் இடம், ஒரு காலம், ஓர் அளவு, மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இன்னும் சுருக்குங்கள்.

இரண்டாவது: அளந்து எழுதுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பலரும் இந்தப் படியைத் தாண்டி நேராக மனுவுக்குப் போய்விடுகிறார்கள்.

கடலரிப்பையே எடுத்துக்கொள்வோம். கரையில் அசையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். தென்னை மரம் வேண்டாம், அது விழும். குருசடியின் (சிலுவை நட்ட சிறு வழிபாட்டு இடம்) கீழ்ப்படி, கோயில் மதில், பழைய கல்தூண் எதுவானாலும் சரி. அங்கிருந்து கடைசி ஏற்றத்தில் அலை தொட்ட கோடுவரை டேப் பிடியுங்கள். அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். காய்ந்த பாசியும் சிப்பித் துண்டும் வலைநூலும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். இரண்டு பேர் வேண்டும், காற்றில் டேப் வளையாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், அளந்தவர் யார் என்று அங்கேயே நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் மீட்டருக்குப் பின்னால் வரும் சென்டிமீட்டர் மறந்துபோகும். அதே படியில் நின்று, அதே வீடு சட்டத்துக்குள் வருமாறு ஒரு படம் எடுங்கள். மாதம் ஒருமுறை, அமாவாசை நாளில் என்று வைத்துக்கொண்டால் கடல் ஏற்றமும் ஓரளவு ஒத்துவரும், தேதியும் மறக்காது.

ஒரு வருடமாவது விடாமல் அளக்க வேண்டும். நாங்கள் தொடங்கியபோது ஆடி மாதம் மட்டும் அளந்துவிட்டு, கடல் கரையைத் தின்றுவிட்டது என்று எழுதிக்கொண்டு அரசு அலுவலகத்துக்குப் போனோம். "தை மாதம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார் அங்கிருந்த பொறியாளர். எங்களிடம் பதில் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் மணல் உள்ளே போவதும், கடல் அடங்கிய பிறகு திரும்பி வருவதும் நம் கரையின் வழக்கம். தையில் போய் அளந்தோம். பாதிக்கு மேல் மணல் திரும்பியிருந்தது. திரும்பாத மீதிதான் உண்மையான அரிப்பு. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போனபோதுதான் எங்களை உட்காரச் சொன்னார்கள்.

சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் கரையோர மாற்றத்தை மதிப்பிட்டிருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரை அரிக்கப்படுகிறது என்பது அதன் முடிவு. உங்கள் குருசடி அந்த வரைபடத்தில் எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். உங்கள் அளவும் அவர்கள் அளவும் ஒத்துப்போனால் பலம். மாறுபட்டால் அது இன்னும் நல்ல கேள்வி.

கருவிக்கு அகப்படாத அறிவும் நம் கரையில் உண்டு. கடலுக்குள் ஓடும் நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் திரும்பினால் எந்த மீன் வரும் என்பது வள்ளக்காரருக்குத் தெரியும். அதையும் தேதி போட்டு, சொன்னவரின் அனுமதியோடு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

மூன்றாவது: எந்தக் கதவு எங்கே

அலை, சுனாமி, மீன்பிடி இட முன்னறிவிப்பு எல்லாம் இன்காய்ஸ். ஆழ்கடல் கருவிகளும் மிதவைகளும் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். இரண்டும் 2006-ல் உருவான மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. மீன்வள ஆய்வுக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் வைத்திருக்கும் மையம் நமக்குப் பக்கம். மாநில எல்லையைப் பார்த்துத் தயங்காதீர்கள், நீரோடியிலிருந்து அங்கே போவது சென்னைக்குப் போவதைவிட எவ்வளவோ எளிது. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, வனத்துறை அதிகாரி அதில் முக்கியமானவர். மாணவராக இருந்தால் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்ட உதவிக்கு உங்கள் பேராசிரியர் மூலம் விண்ணப்பிக்கலாம்.

பெரிய பணம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021-ல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் இயக்கத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய். 2023-ல் சட்டமாகி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திட்டம். இதில் பெரும்பகுதி அரசு அல்லாத இடங்களிலிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. ஒரு கரையைப் பத்து வருடம் அளப்பதில் எந்த நிறுவனத்துக்கும் லாபம் கிடையாது. அப்படிப்பட்ட நீண்டகாலக் கண்காணிப்புக்கு அரசுப் பணமே வேண்டும் என்று கேட்பது நம் வேலை.

நான்காவது: தேதியைத் தவறவிடாதீர்கள்

ஒரு வரைவு அறிவிக்கைக்கு, அதாவது அரசு கொண்டுவரப்போகும் விதியின் முன்வடிவுக்கு, நான் பதினான்கு பக்கம் கருத்து எழுதி, கெடு முடிந்து நாலு நாள் கழித்து அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் அதைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தப்பு என் பக்கம்தான்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வரைவு அறிவிக்கைகளுக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் தருவார்கள். மற்ற சட்ட வரைவுகளை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2014-ல் மத்திய அரசு எடுத்த கொள்கை முடிவு. நாள் எண்ணுவது அரசிதழில் வெளியான தேதியிலிருந்தா, மக்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்தா என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கும். அந்த வரியை முதலில் தேடிப் படியுங்கள்.

மொழியும் ஒரு தடைதான். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் அந்த ஜூன் மாதம் உத்தரவிட்டது. தமிழில் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது, கேளுங்கள்.

மாவட்டத்துக்குள் ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிப்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழிலும் வேண்டும். கூட்டம் முடியும்போது, பதிவான எல்லாக் கருத்துகளின் தொகுப்பையும் வந்தவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலான ஊர்க்காரர்கள் பேசி முடித்ததும் பேருந்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள். நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். வேண்டிய ஆவணம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளுக்குள் பதில்.

ஐந்தாவது: இரண்டு பக்கம் போதும்

முதல் பத்தியில் நீங்கள் கேட்கும் மாற்றம் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். அடுத்து உங்கள் அளவு, அளந்த முறை, அதில் என்ன குறை இருக்கலாம். அப்புறம் எந்த விதியின் எந்த உட்பிரிவில் எந்தச் சொல் மாற வேண்டும். கடைசியாக அதற்கு என்ன செலவாகும், யார் செய்யலாம். "ஆவன செய்ய வேண்டும்" என்று முடிக்காதீர்கள், அதை வைத்து ஓர் அதிகாரி எதுவும் செய்ய முடியாது. "கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளில் அறிவிக்கும் பொறுப்பை ஊராட்சிச் செயலருக்கு எழுத்து மூலம் தர வேண்டும்" என்று எழுதினால் அவர் கையெழுத்துப் போடலாம், அல்லது ஏன் முடியாது என்று சொல்லலாம். இரண்டுமே முன்னேற்றம்.

ஆறாவது: வெளிநாட்டுக் கூட்டு

சர்வதேச ஒத்துழைப்பு என்றதும் விமானப் பயணமும் மாநாடும் நினைவுக்கு வரும். நம் கடலில் அது தினமும் நடக்கிறது. ஆர்கோ என்ற திட்டத்தில் பல நாடுகள் சேர்ந்து உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகளை விட்டிருக்கின்றன. பெரும்பாலானவை பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி ஏறி, வெப்பமும் உப்பும் அளந்து அனுப்புகின்றன. அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், நீங்களும்தான்.

நங்கூரமிட்ட தரவு மிதவைகளும் உண்டு. அவற்றின் நிழலில் மீன் கூடும், அதனால் படகுகள் அதில் கயிறு கட்டும், மிதவை சேதமாகும். இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தின் விதிப்படி, தரவு மிதவையைச் சுற்றி ஒரு கடல் மைலுக்குள் அந்த ஆணையம் கவனிக்கும் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. ஒக்கிப் புயலில் ஊர் ஊராக ஆளை இழந்த கரை நம்முடையது. அந்த மிதவை அறுந்தால் அடுத்த புயலின் கணிப்பில் ஓர் ஓட்டை விழும் என்று படகுக்காரரிடம் எடுத்துச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர் யார்? பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் தங்குகடல் படகுகள் உள்ள ஒவ்வோர் ஊரிலும் இதை ஒரு முடிவாக எடுக்க வைத்தால், அது அறிவியலுக்கு நாம் செய்யும் நேரடி உதவி.

வெளிநாட்டு ஆய்வாளரோடு சேர்ந்து வேலை செய்வதானால் சில சட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, நம் செடி, மீன், நுண்ணுயிர், அவை பற்றிய மரபறிவு எதையும் ஆராய்ச்சிக்கு எடுக்க வெளிநாட்டவர் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன் அனுமதி பெற வேண்டும். அரசு வழிகாட்டுதலுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே நம் மலையில் ஒரு பெரிய பாடம் நடந்தது. 1987-ல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாகப் போன காணிப் பழங்குடி மக்கள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்குத் தர ஒப்புக்கொண்டது. உலக அளவில் பலன் பகிர்வுக்கு முன்னோடியாக இன்றும் இதைச் சொல்கிறார்கள். பேச்சிப்பாறை மேலே நம் மாவட்டத்திலும் காணிக் குடியிருப்புகள் உள்ளன. அறிவு அவர்களுடையது என்றால், ஒப்பந்தத்தில் முதல் பெயரும் அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எனவே எந்தக் கூட்டு ஆய்வுக்கும் முன்னால் நாலு விஷயத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள்: மாதிரி எங்கே வைக்கப்படும், தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் யார் பெயர் வரும், முடிவைத் தமிழில் ஊருக்கு எப்போது சொல்வார்கள்.

பணம் வருவதில் ஒரு கண்டிப்பு உண்டு. தொண்டு நிறுவனம் வெளிநாட்டுப் பணம் பெற வேண்டுமானால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர முடியும், வேறு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. புதியவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தையோ அரசு ஆய்வு நிறுவனத்தையோ முன்னிறுத்திப் போவதே நல்லது.

ஏழாவது: வெளியே நடக்கும் முடிவுகளில் நம் கணக்கு

நீரோடி முதல் இரையுமன்துறைவரை உள்ள தூத்தூர் பகுதி ஊர்கள் ஆழ்கடல் சுறாத் தூண்டிலுக்குப் பேர்போனவை. 2013-ல் பாங்காக்கில் கூடிய அழிநிலை உயிரின வணிக மாநாடு சில சுறா இனங்களைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2015 பிப்ரவரியில் இந்தியா சுறாத் துடுப்பு ஏற்றுமதியை முழுவதும் நிறுத்தியது. சுறாவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த மாதம், எந்த ஆழத்தில், எந்த இனம், எத்தனை கிடைத்தது என்ற கணக்கு இன்னும் நம் படகோட்டிகளின் தலையில்தான் இருக்கிறது, தாளில் இல்லை. தாளில் இல்லாத கணக்கை எந்த மாநாட்டிலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு படகு, ஒரு நோட்டு என்று இந்த வருடமே தொடங்கலாம்.

இன்னும் எளிய வாசலும் இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கைப்படி ஆறு வருடத்துக்கு ஒருமுறையாவது தலத்தின் தகவலைப் புதுப்பிக்க வேண்டும், அதாவது 2028-ஐ ஒட்டி. ஜனவரிதோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் எண்ணியவர் கையில், புதுப்பிக்கும் நேரத்தில் சொல்வதற்குத் தகவல் இருக்கும். துறை சார்ந்த படிப்பும் அனுபவமும் உள்ளவர்கள், பருவநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை வரைவுகளுக்கு மதிப்பாய்வாளராகத் தாங்களே பதிவு செய்துகொள்ளலாம்.

கடைசியாக, ஊரைக் கூட்டுவது

தனி ஆளாக எழுதிய மனுவுக்கு ஆயுசு குறைவு. பங்குத்தந்தை, ஊராட்சித் தலைவர், கல்லூரி ஆசிரியர், மீன் விற்கும் அக்காமார், இவர்களை ஒரே பாயில் உட்கார வையுங்கள். முதல் பொதுவேலையாகச் சுனாமித் தயார்நிலை அங்கீகாரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. யுனெஸ்கோவின் கடல் ஆணையம் 12 அளவுகோல் வைத்துத் தரும் அங்கீகாரம் அது. ஆபத்து வரைபடம், தப்பிக்கும் பாதை, பலகை, ஒத்திகை என்று எல்லாமே ஊர் அளவில் செய்யக்கூடியவை. 2020-ல் ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரு கிராமங்கள் இதைப் பெற்றன. 2004 சுனாமியில் கொளச்சலும் கொட்டில்பாடும் பட்ட பாட்டைக் கண்ட நமக்கு ஏன் முடியாது? இந்தியாவில் இதை ஒருங்கிணைப்பது இன்காய்ஸ்தான், மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவு மூலம் கேளுங்கள்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? அடுத்த அமாவாசை எந்தத் தேதி என்று பார்த்துக் கூட வருபவரிடம் சொல்லிவையுங்கள். ஹார்டுவேர் கடையில் முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்குங்கள். இரும்பு டேப் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, நார் டேப்பாகக் கேளுங்கள். அளந்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திச் சுற்றி வையுங்கள்.